நுகர்வோர் பக்கப் பழுது

மார்ச் 24, திங்கள்

புகார்: ஃபோனைச் சார்ஜில் போட்டால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்ம்' என்று இரைச்சல். சார்ஜரைப் பிடுங்கினால் இரைச்சல் இல்லை.
புகார் தந்தவர்: நானே.
நடவடிக்கை: கேபிளைக் கழற்றித் துடைத்துத் திரும்பச் செருகியாயிற்று. பலன் இல்லை.

மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டி, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் ஒரு பழுது என்றால் எனக்கு இப்படித்தான் எழுத வரும். மருந்துக் கடையில் கொடுத்த டைரி மூன்று மாதமாகச் சும்மா கிடக்கிறது. இனி இதுதான் புகார்ப் பதிவேடு.

விவரம். இந்த ஃபோன் பணி ஓய்வு விழாவில் சக ஊழியர்கள் கொடுத்தது, ஆகவே மாற்றும் பேச்சுக்கு இடமில்லை. இரண்டு வருஷமாக இதில் எதிராளியின் குரல் மெலிந்துகொண்டே வருகிறது. கம்பெனிக்காரன் லட்சணம் அப்படி. போதாததற்கு இந்தக் காலத்தில் யாரும் வாயைத் திறந்து பேசுவதும் இல்லை. அதனால் 1989-இல் என் கையாலேயே சேர்த்த ஆம்ப்ளிஃபையரைப் பரணிலிருந்து இறக்கி, ஒயர் போட்டு ஃபோனோடு இணைத்து, இரண்டு எட்டு இஞ்ச் ஸ்பீக்கர்களை ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். வால்யூமை ஏழில் வைத்தால் மிதமாகக் கேட்கும். பேட்டரி கிழண்டுவிட்டது. சார்ஜில் போட்டபடிதான் பேச முடியும், பிடுங்கிவிட்டுப் பேசினால் எட்டு நிமிஷத்தில் உயிரை விட்டுவிடும்.

மாலை ஆறரைக்குச் சௌந்தரம் கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். பாதிப் பேச்சு இரைச்சலில் போயிற்று. வைக்கும்போது என்னவோ கேட்டாள். "சரி, சரி" என்றேன்.

சௌந்தரம் என் மனைவி. மகள் இந்துமதி வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் ஆகிறது. பேத்திக்குப் பரீட்சை. ஏப்ரல் 12 சனிக்கிழமை ரயிலுக்குத் திரும்பி வர டிக்கெட் எடுத்திருக்கிறாள்.

மார்ச் 25, செவ்வாய்

சிக்கந்தர் செல்போன் கடைக்கு எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். ஃபோன், சார்ஜர், ஆம்ப்ளிஃபையர், இரண்டு ஸ்பீக்கர். கடை மேஜையில் இடமில்லை, கவுண்டருக்கு வெளியே சாலையில் வைத்து இணைத்தார். சார்ஜ் போட்டார். பாட்டு வைத்தார். பாட்டு கணீரென்று வந்தது. இரைச்சல் மருந்துக்கும் இல்லை.

"சார், இங்க நல்லாத்தான இருக்கு" என்றார் சிக்கந்தர்.

என் வீட்டில் வருகிறது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. கம்பம் வரைக்கும், மீட்டர் வரைக்கும் வாரியத்தின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் எது நடந்தாலும் அது வீட்டுக்காரன் தலைவலி. முப்பத்திரண்டு வருஷம் எத்தனை வீட்டில் மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு 'நுகர்வோர் பக்கப் பழுது' என்று எழுதி சைக்கிளில் ஏறியிருக்கிறேன். எழுதிவிட்டால் போதும், மனசு லேசாகிவிடும்.

புதுச் சார்ஜர் ஒன்று கொடுத்தார். புது பேட்டரிக்கு மதுரையில் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து புதுச் சார்ஜரைப் போட்டால் 'ம்ம்ம்ம்'.

மார்ச் 27, வியாழன்

யூடியூபில் ஒருவன் ஏரோபிளேன் மோடில் போடச் சொன்னான். போட்டேன். இரைச்சல் குறைந்த மாதிரி இருந்தது. வெற்றி என்று இங்கே எழுதவும் எழுதிவிட்டேன், பிறகு கோடு போட்டு அடித்தேன்.

ஆறரை ஆயிற்று, ஏழாயிற்று, ஃபோன் வரவில்லை. ஏழேகாலுக்குப் பக்கத்து வீட்டு ஜெபமணி டீச்சர் கேட்டைத் தட்டினார். சௌந்தரம் பதறிப்போய் அவருக்குப் பேசியிருக்கிறாள், என் ஃபோன் கிடைக்கவே இல்லையாம். அந்த மோடில் போட்டால் கால் வராது என்பதை அந்த யூடியூப்காரன் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மார்ச் 28, வெள்ளி

முச்சந்தியில் அயர்ன் வண்டி வைத்திருக்கும் தங்கப்பழம், ஃபோனை அரிசிக்குள் புதைத்தால் எல்லாக் கோளாறும் சரியாகும் என்றார். நனைந்த ஃபோனுக்குத்தானே அது என்றேன். நனையாததற்கு இன்னும் சீக்கிரம் கேட்கும் என்றார். நானும் போய்ப் புதைத்தேன். புத்தி எங்கே போயிற்று என்று கேட்க வீட்டில் ஆளில்லை.

ஆறரைக்கு அரிசி டிரம்மில் கை வைத்துக் காத்திருந்தேன், உள்ளே ஃபோன் அதிர்ந்தது. ஃபோனை எடுக்கிற அவசரத்தில் டிரம் சாய்ந்து, அடுக்களை முழுக்கப் பொன்னி அரிசி. சார்ஜர் ஓட்டையில் ஒரு குருணை மாட்டிக்கொண்டது, ஊக்கால் நோண்டி எடுத்தேன். அதற்குள் சௌந்தரம் வைத்துவிட்டாள். திரும்ப அடித்துப் பேசினேன். இரைச்சல் அப்படியே இருந்தது.

அரிசியை ஒன்பது மணி வரைக்கும் பொறுக்கினேன்.

மார்ச் 29, சனி

இந்தத் தெரு ஜனங்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுத வேண்டும். பால் வாங்கப் போனால் தங்கப்பழம், "பேத்திக்குக் காய்ச்சல் விட்டுருச்சா அண்ணாச்சி" என்கிறார். ஜெபமணி டீச்சர், இந்துமதி வீட்டு மாடியில் ஒழுகுகிறதாமே என்கிறார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. சாத்தூரில் சேதி எப்படித்தான் பரவுகிறதோ, எல்லோருக்கும் நம் குடும்பத்தின் மேல் அவ்வளவு அக்கறை.

ஆறரை மணி வாக்கில் தெருவில் டி.வி. சத்தமே இருப்பதில்லை. நாகரிகமான தெரு.

ஃப்ரிட்ஜ் கைப்பிடியைத் தொட்டால் லேசாகச் 'சுர்' என்கிறது. பங்குனி வெயில், காற்றில் ஈரமில்லை. அதுதான் காரணம்.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான். சிக்கந்தர் பிரியாணி கொடுத்தனுப்பினார், தூக்குவாளி நிறைய. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சீட்டு: 'சத்தம் நின்றதா சார்?' நிற்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

கண்டுபிடிப்பு. ஆம்ப்ளிஃபையரின் தகரப் பெட்டியில் நான் கை வைத்தால் இரைச்சல் பாதியாகக் குறைகிறது. கையை எடுத்தால் ஏறுகிறது. வைத்தால் குறைகிறது. அரை மணி நேரம் வைத்து எடுத்து வைத்து எடுத்துப் பார்த்தேன்.

செருப்பைக் கழற்றினால் இன்னும் குறைகிறது. தரையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி அதில் நின்றால் முக்கால்வாசி அடங்கிவிடுகிறது.

ஆகவே ஆறரைக்கு ஹாலில் தண்ணீரை ஊற்றி, வேட்டியைத் தூக்கிக் கட்டி, ஒரு கையைப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு பேசினேன். பரவாயில்லை ரகம். உடம்பு முழுக்க மெல்லிசாக எறும்பு ஊர்ந்தது. பேசி முடித்துத் திரும்பினால் டீச்சர் ஜன்னலுக்கு வெளியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல டீச்சர், டெஸ்டிங்" என்றேன்.

ஏப்ரல் 3, வியாழன்

கை வலிக்கிறது. பெட்டியிலிருந்து ஒரு தாமிரக் கம்பியை இழுத்து என் கால் பெருவிரலில் கட்டிக்கொண்டு பேசினேன். இதே காரியத்தை எந்த ஒயர்மேனாவது செய்திருந்தால் அன்றைக்கே மெமோ கொடுத்திருப்பேன். இது ஒரு தற்காலிக ஏற்பாடு என்று பதிவு செய்கிறேன்.

சௌந்தரம் நிறையப் பேசினாள். 'கால்' என்ற வார்த்தை மட்டும் இரண்டு தரம் பிடிபட்டது. அவள் கணுக்கால் வீக்கத்தைப் பற்றியாக இருக்கும். "சரி, சரி" என்றேன்.

ஏப்ரல் 5, சனி

கணுக்கால் விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். பதிவேட்டில் ஒளிவு மறைவு கூடாது.

மார்ச் 2-ஆம் தேதி மத்தியானம் சௌந்தரம் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிக்கொண்டாள். நான் ஹாலில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். டி.வி. கொஞ்சம் சத்தமாக இருந்தது. டீச்சர் பின்கதவு வழியாக ஓடி வந்து, தூக்கி உட்கார வைத்து, என் முன்னால் வந்து நின்ற பிறகுதான் எனக்கு விவரம் தெரிந்தது. முக்கால் மணி நேரம் கூப்பிட்டாளாம். பக்கத்து வீட்டில் மாவரைத்துக்கொண்டிருந்தவருக்குக் கேட்டிருக்கிறது.

"ஒங்களுக்குக் கேக்கலையா?" என்றாள் சௌந்தரம், ஈரச் சேலையோடு.

டீச்சர் வேறு பக்கத்தில் நிற்கிறார். "கேட்டுச்சு, கேட்டுச்சு. வந்துக்கிட்டுதான இருந்தேன்" என்றேன்.

வேறு என்ன சொல்வது? காது கேட்காத ஆள் என்று பேர் வாங்கவா? எனக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது. இல்லாவிட்டால் இந்த இரைச்சல் மட்டும் எப்படிக் கேட்கும்? இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசவில்லை. பதின்மூன்றாம் நாள் பேத்திக்குப் பரீட்சை என்று கிளம்பிவிட்டாள். பேத்தி யு.கே.ஜி.

ஏப்ரல் 7, திங்கள்

சிக்கந்தர் கடையை அடைத்துவிட்டு நேரில் வந்தார். விரலில் கம்பி கட்டி நான் செய்து காட்டியதைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சார், நீங்க தொட்டா கொறையுதுன்னா, ஒங்க வீட்டு எர்த்து வேலை செய்யலையோ?"

எனக்கு வந்ததே கோபம். யார் வீட்டு எர்த்தை யார் சந்தேகப்படுவது? 1998-இல் வீடு கட்டும்போது நானே நின்று போட்ட எர்த். பின்பக்கம் எட்டடி ஆழக் குழி, இரும்புக் குழாய், இரண்டு மூட்டை கரி, ஒரு மூட்டை கல் உப்பு. இந்தத் தாலுகாவில் இருக்கிற பாதி எர்த்தைச் சோதித்துச் சான்று கொடுத்தவன் நான். என் எர்த் பழுதாகாது என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தேன்.

டீ கூடக் கொடுக்கவில்லை, பாவம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஜெபமணி டீச்சர் சுற்றி வளைத்து ஒரு கேள்வி கேட்டார். அக்கா காலையில் பின்பக்கம் தண்ணீர் ஊற்றுவார்களே, அதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று.

நடக்கவில்லை, நடத்தவும் மாட்டேன் என்றேன். சௌந்தரத்துக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு. தினமும் அரிசி களைந்த தண்ணீரையும் அதோடு ஒரு குடம் நல்ல தண்ணீரையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவாள், ஊற்றிவிட்டு வருவாள். மழை பெய்யாத நாள் ஒன்று விடாமல். ஏதோ வேண்டுதல், எந்தச் சாமிக்கோ. நான் கேட்டதில்லை. பெண்கள் பக்தியில் ஆண்கள் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது என் கொள்கை.

டீச்சர் என்னவோ சொல்ல வாயெடுத்து, குக்கர் விசில் அடித்ததும் ஓடிவிட்டார். விசில் எனக்குக் கேட்கவில்லை, அவர் ஓடியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவ்வளவு தூரத்தில் இருக்கிற குக்கர் யாருக்கும்தான் கேட்காது.

ஏப்ரல் 10, வியாழன்

இரைச்சல் இன்றைக்கு உச்சம். ஹாலில் ஊற்றிய தண்ணீர் ஐந்து நிமிஷத்தில் காய்ந்துவிடுகிறது. ஃப்ரிட்ஜைத் துணி வைத்துத்தான் திறக்கிறேன்.

சௌந்தரம் இன்று நீளமாகப் பேசினாள். நிறுத்தி நிறுத்திப் பேசினாள். அவள் குரல் 'ம்ம்ம்ம்'-க்குள் போவதும் வருவதுமாக இருந்தது. ஒரு இடத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள், ஏதோ கேட்டிருக்கிறாள் என்று புரிந்தது. "சரி, அப்படியே செய்" என்றேன். பிறகு வழக்கமாக வைக்கும்போது கேட்பதையும் கேட்டாள். அதற்கும் "சரி, சரி" என்றேன். வைத்துவிட்டாள்.

இன்னும் இரண்டு நாள். சனிக்கிழமை ரயில். அவள் வருவதற்குள் அடுக்களையைத் துடைக்க வேண்டும், இன்னும் மூலையில் அரிசி கிடக்கிறது. டி.வி. ரிமோட்டை அவள் பக்கத்து நாற்காலியில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

நீளமாக எழுத வேண்டிய நாள்.

காலையில் பால் வாங்கப் போனேன். தங்கப்பழம் என் முகத்தைப் பார்க்காமல் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். பால்காரம்மா ஒரு உழக்கு அதிகமாக ஊற்றிவிட்டுப் பெருமூச்சு விட்டாள். துக்க வீட்டுக்காரனைப் பார்ப்பது போல எல்லோரும் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தால் வாசலில் டீச்சர், கையில் இடியாப்பமும் சொதியும்.

"ஏன் அண்ணாச்சி அப்படிச் சொல்லிட்டீக?" என்றார். எனக்குக் கேட்கும்படி உரக்கத்தான் சொன்னார்.

என்ன சொன்னேன் என்றேன்.

"டிக்கெட்ட ரத்து பண்ணிரவான்னு அக்கா கேட்டாக. இனிமே இந்துமதி வீட்டுலயே இருந்துக்கிரட்டுமான்னு கேட்டாக. நீங்க, சரி அப்படியே செய்யின்னு சொல்லிட்டீகளே."

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். டீச்சர் ஜன்னலோரத்து ஸ்பீக்கர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தெருவுக்கே தெரியும் என்றார். ஆறரை மணிக்கு யாரும் டி.வி. போடுவதில்லையாம்.

மிதமாக வைத்திருந்தேன், ஏழில்தானே வைத்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டேன். தினமும் கடைசியில் ஒன்று கேட்பாளே, அது என்ன என்று கேட்டேன்.

டீச்சருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "எர்த் குழிக்குத் தண்ணி ஊத்துனீகளான்னு கேப்பாக. தெனமும் கேப்பாக. நீங்களும் சரி சரிம்பீக. ஊத்துறீகன்னுதான் அக்காவும் நெனச்சிருக்காக, நானும் போன செவ்வாக்கிழமை வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன்."

பின்பக்கம் போனேன். மூடியைத் தூக்கிப் பார்த்தேன். குழி வறண்டு, வெடித்து, உள்ளே எறும்பு புற்று வைத்திருந்தது. குழாயைச் சுற்றி இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மண் விலகி நின்றது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீடு பால் காய்ச்சிய அன்றைக்கு, சௌந்தரத்தை இங்கே கூட்டி வந்து நிறுத்தி, ஃபோர்மேன் தோரணையில் நான்தான் சொன்னேன். இதில் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஈரம் போனால் எர்த் வேலை செய்யாது, ஒருநாள் யாரையாவது கரண்ட் தூக்கிவிடும் என்று. சொல்லிவிட்டுப் பந்தி பார்க்கப் போய்விட்டேன். அதோடு மறந்தும் போனேன். அவள் மறக்கவில்லை. இருபத்தேழு வருஷம். நான் எந்தச் சாமிக்கு என்று கூடக் கேட்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு குடம் ஊற்றினேன். உப்பு டப்பாவைக் கவிழ்த்தேன். குழி குடித்துக்கொண்டே இருந்தது. டீச்சர் வீட்டுக் குழாயிலிருந்தும் இரண்டு குடம் வந்தது. மத்தியானம் ஃப்ரிட்ஜைத் தொட்டேன், சுர் இல்லை. நாலு மணிக்குச் சார்ஜ் போட்டு ஆம்ப்ளிஃபையரைத் திருகினேன். இரைச்சல் இல்லை. கையை வைத்தேன், எடுத்தேன். இல்லவே இல்லை. பதினெட்டு நாள் பழுது தீர்ந்தது.

ஆறரைக்கு ஃபோன் வரவில்லை. ஆறே முக்காலுக்கு நானே அடித்தேன். சௌந்தரம் எடுத்தாள். பேசினாள்.

இரைச்சல் துளிகூட இல்லை. அவள் குரல் மட்டும் வந்தது. ஆனால் வார்த்தை வரவில்லை. தண்ணீருக்கு அடியில் இருந்து பேசுகிற மாதிரி ஏற்றமும் இறக்கமும் தெரிந்தது, என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. வால்யூமை எட்டாக்கினேன். ஒன்பதாக்கினேன். குரல் பெரிதாயிற்று, வார்த்தை ஆகவில்லை. பயமாக இருந்தது. முப்பத்தொன்பது வருஷமாக எனக்குத் தெரிந்த குரல்.

அவள் நிறுத்தினாள், பதிலுக்குக் காத்திருந்தாள். 'சரி, சரி' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"சௌந்தரம், நீ பேசுறது எனக்குக் கேக்கல" என்றேன். "சத்தம் வருது, என்ன சொல்றன்னு தெரியல."

பிறகு அவள் மெதுவாக ஏதோ சொன்னாள். நான் திரும்பி ஜன்னலைப் பார்த்தேன். டீச்சர் நின்றார், அவருக்குப் பின்னால் தங்கப்பழம், பால்காரம்மா, பேர் தெரியாத ஏழெட்டுப் பேர். வெட்கத்துக்கெல்லாம் நேரமில்லை. என்ன சொல்கிறாள் என்று டீச்சரைக் கேட்டேன்.

டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தயங்கினார். பிறகு, முப்பது பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற குரலில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"அன்னைக்கு விழுந்து கெடந்தப்ப கூப்பிட்டது, ஒங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலையான்னு கேக்குறாக."

"கேக்கல" என்றேன். "சத்தியமாக் கேக்கல சௌந்தரம். கேட்டுச்சுன்னு சொன்னது பொய். எனக்குக் காது போயிருச்சு. ரெண்டு வருசமாச்சு."

ஸ்பீக்கரில் ஒரு சத்தம் வந்தது. டீச்சர் அதைச் சொல்லவில்லை. தேவைப்படவும் இல்லை, அது அழுகை என்று எனக்கே தெரிந்தது. பிறகு சௌந்தரம் பேசினாள், டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒப்பித்தார்.

"காது கேக்காத மனுசன்னா கத்திச் சொல்லிக் குடும்பம் நடத்திக்கிருவேன். கேட்டும் வராத மனுசனோட எப்படி இருக்குறதுன்னுதான் வந்தேன்னு சொல்றாக."

இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது. ஒரு பேருக்குப் பயந்து, ஒரு மனுஷியை முக்கால் மணி நேரம் தெரிந்தே தரையில் கிடக்க விட்டவன் என்று அவளை நம்ப வைத்திருக்கிறேன்.

புகார்: இரைச்சல். நிவர்த்தி செய்யப்பட்டது.
மீதிப் புகார்: பேச்சு விளங்கவில்லை.
பழுது இருக்கும் இடம்: நுகர்வோர் பக்கம்.

முப்பத்திரண்டு வருஷம் எழுதியதில் இது ஒன்றுக்குத்தான் மனசு லேசாகவில்லை.

ஏப்ரல் 12, சனி

அவள் வர வேண்டிய ரயில் வந்து போயிற்று. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாள்.

விருதுநகர் போனேன். காதுப் பரிசோதனை அறையில் ஒரு பெண் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னாள். ஒன்பது தரம் அமுக்கினேன். அதில் நாலு தரம் அவள் சத்தமே வைக்கவில்லையாம். பள்ளிக்கூடத்தில்கூட நான் காப்பியடித்தது கிடையாது.

பழகிப் பார்க்க ஒரு மிஷினைக் காதில் வைத்து அனுப்பினார்கள். பஸ் இவ்வளவு சத்தம் போடுமா? என் செருப்பு இப்படி இழுபடுமா? வீட்டுக் குழாய் சொட்டுகிறது. ஃப்ரிட்ஜ் எருமை மாதிரி உறுமுகிறது. இத்தனை இரைச்சலுக்கு நடுவில்தான் எல்லோரும் வாழ்கிறார்களா?

கடைசியாக, ஆம்ப்ளிஃபையரை ஏழில் வைத்து ஒரு பாட்டுப் போட்டேன்.

உடனே அணைத்தேன். ஜன்னல் கதவு அதிர்ந்து நின்றது, எதிர்வீட்டு நாய் குரைத்தது. நேற்று நான் ஒன்பது வரைக்கும் போயிருக்கிறேன்.

இனி இந்தத் தெருவில் எந்த முகத்தோடு நடப்பேன்?

ஏப்ரல் 13, ஞாயிறு

ஆம்ப்ளிஃபையர் பரணுக்குத் திரும்பியது. காலையில் ஒரு குடமும் அரிசி களைந்த தண்ணீரும் குழிக்கு ஊற்றினேன். சிக்கந்தரைக் கூப்பிட்டு எர்த்துக்கு மன்னிப்பும் கேட்டு டீயும் கொடுத்தேன். பேட்டரி வந்துவிட்டதாம், மாட்டிவிட்டுப் போனார்.

ஆறரைக்குச் சௌந்தரம் பேசினாள். ஃபோனைக் கையில் பிடித்து, மனுஷன் மாதிரி காதில் வைத்துப் பேசினேன். அவள் குரல் கொஞ்சம் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போலத்தான் இருந்தது, ஆனால் வார்த்தை வார்த்தையாக வந்தது. கணுக்கால் வீக்கம் வடிந்துவிட்டதாம். நாளைக்கு வருஷப் பிறப்பு, நானே போய்க் கூட்டி வர வேண்டுமாம், தனியாக வர மாட்டாளாம். காலை ரயிலுக்குக் கிளம்புகிறேன்.

வைக்கும்போது கேட்டாள்.

"குழிக்குத் தண்ணி ஊத்துனீகளா?"

"ஊத்துனேன்" என்றேன்.

புகார்: ஃபோனில் சத்தமே வரவில்லை, ஆறரையிலிருந்து ஜன்னலோரம் காத்துக் கிடக்கிறோம்.
புகார் தந்தவர்கள்: ஜெபமணி டீச்சர், தங்கப்பழம், பால்காரம்மா மற்றும் தெருவாசிகள், நேரில்.
நடவடிக்கை: நாளை மறுநாள் சௌந்தரம் வருகிறாள் என்று வாசலில் நின்று வாயாலேயே தெரிவிக்கப்பட்டது. நாங்கள் வரும் வரை குழிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு டீச்சரிடம் ஒப்படைக்கப்பட்டது.
நிலை: புகார் முடிக்கப்பட்டது.